'இன்டு தி வைல்ட்' தனிமையைப் பற்றிய படம்தானா?

ஊசிவெடி:

'எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடும் படம் ஏதாவது சொல்லுங்கள்' என்று இங்கே யார் கேட்டாலும் முதல் பதில் 'இன்டு தி வைல்ட்'தான். போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இது தனிமைப் படமே இல்லையோ?

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகக் கதை. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளவும். ஆனால் இது நடந்த கதை, முப்பது வருடமாக ஊர் அறிந்த கதை. கிறிஸ் மெக்கேன்ட்லெஸ், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசதியான வீட்டில் வளர்ந்த பையன். 1990இல் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிறான். வங்கியில் இருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்பாம் என்ற பட்டினி நிவாரண அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். அரிசோனாவில் திடீர் வெள்ளத்தில் கார் மாட்டிக்கொள்கிறது. அதை அப்படியே போட்டுவிட்டு, கையில் இருந்த நோட்டுகளையும் கொளுத்திவிட்டு நடக்கிறான். 'அலெக்சாண்டர் சூப்பர்டிராம்ப்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்கிறான். இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றல். 1992 ஏப்ரல் கடைசியில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் தடத்தில் இறங்கி நடந்து, அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பேருந்தில் தங்குகிறான். ஆகஸ்டில் அதற்குள்ளேயே இறந்துபோகிறான். வயது 24. ஜான் கிராக்கவர் 1996இல் புத்தகமாக எழுதினார், ஷான் பென் 2007இல் படமாக எடுத்தார்.

இப்போது என் கேள்வி. இரண்டரை மணி நேரப் படத்தில் அவன் நிஜமாகவே தனியாக இருக்கும் நேரம் எவ்வளவு? பேருந்துக் காட்சிகளை நடுநடுவே வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் மனிதர்கள்தான். வேனில் சுற்றும் ஹிப்பித் தம்பதி ரெய்னியும் ஜேனும், தெற்கு டகோட்டாவில் தானியக் கிடங்கு வைத்திருக்கும் வெய்ன், பாலைவனத்தில் தோல் வேலை கற்றுக்கொடுக்கும் பெரியவர் ரான், கிட்டார் வாசிக்கும் அந்தச் சின்னப் பெண். படத்தின் அத்தியாயங்களில் ஒன்றுக்குப் பெயரே 'குடும்பம்'. ஊரை உதறிய ஒருவனுக்கு வழியெல்லாம் யாரோ சோறு போட்டிருக்கிறார்கள், படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள், காரில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கடைசியாக வண்டியில் கொண்டுபோய் விட்டவர் தன் ரப்பர் பூட்ஸையும் கழற்றிக் கொடுக்கிறார். அந்தக் காட்சியில் வருபவர் நடிகர் இல்லை, உண்மையிலேயே அவனை இறக்கிவிட்ட ஜிம் கேலியன்தான்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?



சாம்பல்நாரை:

நீங்கள் சொல்வதில் பாதி சரி. எனக்கு இந்தப் படம் என்றாலே நினைவுக்கு வருவது, ரானாக நடித்த ஹால் ஹோல்ப்ரூக் காரில் உட்கார்ந்திருக்கும் காட்சிதான். பெரியவர் அவனை வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். 'எனக்குப் பிள்ளை இல்லை, எங்கள் குடும்பத்தில் நான்தான் கடைசி. உன்னைத் தத்து எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்கிறார். அலாஸ்காவில் இருந்து வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்கிறான் பையன். அவ்வளவுதான் காட்சி. பெரியவர் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கீழே விழவில்லை. அப்போது ஹோல்ப்ரூக்குக்கு 82 வயது. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

ஆனால் மற்ற பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிறிஸ்ஸாக நடித்த எமில் ஹெர்ஷ் இந்தப் படத்துக்காகப் பதினெட்டு கிலோவுக்கு மேல் இளைத்தார். பெல்ட்டில் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டே போகும் இடங்களைப் பாருங்கள். அந்த பெல்ட், ரான் வீட்டில் உட்கார்ந்து தன் பயணத்தையே படமாகச் செதுக்கிய பெல்ட். வசனமே தேவைப்படவில்லை. அது தனிமை இல்லாமல் வேறு என்ன?



நாட்டுச்சர்க்கரை:

பசி என்றால் என்ன என்று தெரிந்தவன் எவனும் பசியைத் தேடிக் காட்டுக்குப் போக மாட்டான். வயிறு நிறைந்தவன் திமிர், வேறொன்றும் இல்லை. பணத்தைக் கொளுத்துகிற காட்சிக்குத் தியேட்டரில் கைதட்டல் வேறு.



மேற்குச்சாளரம்:

நாட்டுச்சர்க்கரை அண்ணே, அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டைப் பற்றி அவனுடைய தங்கை காரீன் 2014இல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். அப்பாவுக்கு முதல் மனைவியோடு உறவு முடியாமலேயே இரண்டாவது குடும்பம். இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் பிள்ளைகள். வீட்டுக்குள் அடி உதை. இதில் ஒரு பகுதியைக் கிராக்கவரிடம் அவர் முன்பே சொல்லியிருக்கிறார், ஆனால் அப்போது எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால்தான் 1996 புத்தகத்தில் அந்த இடம் மழுப்பலாக இருக்கும். படத்தில் தங்கையின் குரலில் கொஞ்சம் வருகிறது, இரண்டு மூன்று காட்சிகள் காட்டுகிறார்கள், அப்புறம் மெதுவாக நகர்ந்துவிடுகிறார்கள். ஷான் பென் இந்தக் கதைக்காகக் குடும்பத்தின் சம்மதம் வேண்டிப் பத்து வருடம் போலக் காத்திருந்தவர். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது அவர்களைப் பற்றி எவ்வளவு தூரம் போக முடியும்?

அவன் ஓடியது ஊரிலிருந்தா, வீட்டிலிருந்தா என்பதுதான் முதல் கேள்வி. படம் 'ஊரிலிருந்து' என்று சொல்லிவிடுகிறது. அப்படிச் சொன்னால்தான் பார்க்கிற எல்லோருக்கும் பொருந்தும்.



நாட்டுச்சர்க்கரை:

வீடு சரியில்லை என்றால் வேறு ஊரில் வேலை பார்க்கலாமே தம்பி. நம்மில் பாதிப் பேர் அதைத்தானே செய்தோம்? நாலரைக் கிலோ அரிசியும் ஒரு சின்னத் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு பனிக்குள் போவதை என்னவென்று சொல்வது?



வேர்க்கடலை:

தாவரவியல் படித்தவன் என்பதால் என் எரிச்சலை மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்தில் அவன் எப்படிச் சாகிறான்? செடிகளைப் பற்றிய கையேட்டைப் புரட்டுகிறான், தான் தின்ற செடியும் படத்தில் இருக்கும் செடியும் வேறு என்று தெரிகிறது, விஷச் செடியைத் தவறாகத் தின்றுவிட்டோம் என்று அலறுகிறான். நாடகத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கிராக்கவரே தன் புத்தகத்தில் அந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டார். முதலில் 1993இல் பத்திரிகைக் கட்டுரை எழுதியபோதுதான் செடி மாறிப்போனது என்று சொன்னார். புத்தகத்துக்கு வரும்போது, அவன் தின்றது சரியான செடிதான், பிரச்சினை அதன் விதையில் என்று மாற்றிக்கொண்டார். பதினொரு வருடம் கழித்து வந்த படம் பழைய விளக்கத்தையே எடுத்துக்கொண்டது.

நாட்குறிப்பில் ஜூலை 30 அன்று, மிகவும் பலவீனமாக இருக்கிறேன், உருளைக்கிழங்கு விதைதான் காரணம் என்ற பொருளில் எழுதியிருக்கிறான். நம் உருளை இல்லை. காட்டு உருளை என்று அங்கே சொல்லும் ஹெடிசரம் அல்பினம், பயறு வகைக் குடும்பம். வேரைத்தான் அங்குள்ள பழங்குடிகள் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். இவன் கோடை ஏற ஏற, வேர் முற்றியதும் விதைக்குப் போய்விட்டான்.

இதில் நமக்குத் தெரிந்த ஒரு ஆள் வருகிறார். கேசரிப் பருப்பு! துவரம் பருப்பில் கலப்படம் செய்வார்களே, அதேதான். அதிலுள்ள நச்சு நாள்பட உடம்பில் சேர்ந்தால் கால் விளங்காமல் போகும். 1961இல் இந்தியாவில் விற்பனைக்குத் தடை போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் வாப்னியார்க்கா என்ற முகாமில் யூதக் கைதிகளுக்கு இந்தப் பருப்பைத்தான் போட்டார்கள், இளைஞர்கள் வரிசையாக முடமானார்கள். அதைப் படித்த ரொனால்ட் ஹாமில்டன் என்பவர், அலாஸ்கா விதையிலும் இதே நச்சு இருக்குமோ என்று 2013இல் கேட்டார். கிராக்கவர் விதைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார். கடைசியில் 2015இல் அவர்கள் வெளியிட்டது வேறு: எல்-கனாவனைன் என்ற இன்னொரு நச்சு கணிசமாக இருக்கிறது. வேதியியல்காரர்களில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிளாசன் அந்தச் செடியை முன்பே சோதித்து, அதில் விஷம் எதுவும் அகப்படவில்லை என்றார்.



நாட்டுச்சர்க்கரை:

வேர்க்கடலை சார், விதையை விடுங்கள். கண்டெடுத்தபோது உடம்பு 30 கிலோ என்று படித்தேன். அதற்கு விஷம் எதற்கு?



வேர்க்கடலை:

உங்கள் கேள்வி நியாயம். 67 பவுண்டு, கிட்டத்தட்ட 30 கிலோதான். அவன் வேட்டையாடியது அணில், முள்ளம்பன்றி, சின்னச் சின்னப் பறவைகள். பெரும்பாலும் கொழுப்பு குறைந்த கறி. கொழுப்பும் மாவுச்சத்தும் இல்லாமல் மெலிந்த கறியை மட்டும் எவ்வளவு தின்றாலும் உடம்பு கரையும். வடக்கே வேட்டைக்காரர்களுக்கு இது பழைய விஷயம், முயல் பட்டினி என்பார்கள். தினமும் விறகு வெட்டி, நடந்து, குளிரைத் தாங்கி, வருவதைவிடச் செலவு அதிகம். விதை கடைசியாக ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மூன்று மாதப் பட்டினியை ஒரு தவறான இலையாக மாற்றியதுதான் படத்தின் பெரிய ஏமாற்று என்பேன். விஷம் என்றால் அது துரதிர்ஷ்டம், பார்க்கிறவனுக்கு ஆறுதல். பட்டினி என்றால் கணக்கு தப்பு.



ஆட்டுக்கல்:

மூஸ் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைப் பிசைந்தது. ஜூன் மாதம், மூஸ் என்கிற அந்த மாட்டைவிடப் பெரிய மானைச் சுட்டுவிடுகிறான். மாதக்கணக்கில் தின்னலாம். வெட்டுகிறான், புகை போடுகிறான், ஈ மொய்க்கிறது, புழு வைத்துவிடுகிறது, கடைசியில் அப்படியே ஓநாய்க்கு விட்டுவிடுகிறான். அதைச் சுட்டிருக்கவே கூடாது, வாழ்க்கையின் பெரிய சோகங்களில் ஒன்று என்று நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறானாம்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்து வீட்டில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தப்பு எங்கே என்று சொல்லிவிடுவார். உப்புக்கண்டம் போடும்போது கறியைக் கட்டியாக விட மாட்டார்கள். விரல் அகலத்துக்கு, மெல்லிசாக, நீளநீளமாக அரிவார்கள். உப்பும் மஞ்சளும் பிசறி, ரத்தத் தண்ணீர் வடியவிட்டு, கோணி ஊசியால் சணலில் கோத்து வெயிலில் கொடி கட்டுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, ஒட்டிய இடத்தில்தான் முதலில் கெடும். சாயங்காலம் உள்ளே எடுத்து, மறுநாள் மறுபடி வெயில். எலும்பு மாதிரிக் காய்ந்து, தட்டினால் சத்தம் வர வேண்டும்.

படத்தில் அவன் ஒரு பெரிய தொடையை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறான். பார்த்ததும் 'போச்சு' என்று வாய்விட்டுச் சொன்னேன், வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.



வடமுனை:

ஆட்டுக்கல் அக்கா சொன்னது அப்படியே இங்கே உள்ளவர்கள் சொல்வதும். நான் வேலைக்காக அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் இருக்கிறேன். அலாஸ்காவில் மெல்லிய கீற்றுகளாக அரிந்து காற்றில் உலர்த்துவார்கள். அவனுக்குப் புகை போடச் சொல்லிக்கொடுத்தது தெற்கு டகோட்டா வேட்டைக்காரர்கள், அது வேறு நாடு மாதிரி.

இங்கே அவனைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆளுக்கொரு கட்சி. வேட்டைக்குப் போகிறவர்களிடம் அனுதாபம் குறைவு. 'காட்டுக்கு மரியாதை கொடுக்காதவன்' என்பார்கள். வெளியிலிருந்து, அவன் கதையைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கண் கலங்குவார்கள்.

முக்கியமான விஷயம் ஆறு. படத்தில் அது ஐந்து நிமிடம் வருகிறது, உண்மையில் கதையே அதுதான். டெக்லனிகா ஆறு, பனிப்பாறையில் இருந்து வருகிறது. ஏப்ரலில் உறைபனி, தண்ணீர் குறைவு, இவன் நடந்தே கடந்திருக்கிறான். ஜூலையில் அதே ஆறு வேறு ஆள். பாறைப் பொடி கலந்து சாம்பல் நிறத்தில் ஓடும், தரை தெரியாது, குளிரில் காலை வைத்தால் சில நிமிடத்தில் மரத்துவிடும். மேலே வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும், நம் ஊரில் மழை பெய்தால் வெள்ளம் வருவதற்கு நேர் எதிர். நல்ல வெயில் நாள்தான் மோசமான நாள்.

ஜூலை 3ஆம் தேதி அவன் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பிவிட்டான். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்தாம் தேதி ஆற்றங்கரை. கடக்க முடியவில்லை. தனிமை, பயம் என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது. பேருந்துக்கே திரும்பிவிட்டான். அதன் பிறகு ஆறு வாரம்தான் உயிரோடு இருந்தான்.

இதில் கொடுமை, அந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஆற்றின் குறுக்கே இரும்புக் கயிறும் அதில் தொங்கும் கூடையும் இருந்தன. தண்ணீர் அளக்கிறவர்கள் போட்டது, கையால் இழுத்தே அக்கரை போகலாம். தெற்கே 25 கிலோமீட்டர் போல நடந்தால் டெனாலி பூங்காவின் சாலை, கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் ஓடும். நல்ல வரைபடம் ஒன்று இருந்திருந்தால் போதும். எடுத்துவரவில்லை. உலகத்தில் வரைபடம் வரையாத இடமே மிச்சமில்லை என்பதால், வரைபடத்தையே இல்லாமல் ஆக்கிக்கொண்டான் என்று கிராக்கவர் சொல்கிறார். எனக்கு அது ரொம்ப நல்ல விளக்கமாகப் படுகிறது.



ஊசிவெடி:

வடமுனை, நான் தொடங்கியதை நீங்கள் முடித்துவிட்டீர்கள் போல. ஜூலை 3 என்ற தேதிதான் எனக்கு வேண்டியது. ஆக, அவன் காட்டில் தானாக விரும்பி இருந்தது இரண்டு மாதம் சொச்சம். அதற்கு அப்புறம் இருந்தது சிறை. நாம் 'ஊரைத் துறந்தவன்' என்று கொண்டாடும் ஆள் ஊருக்குத் திரும்பும் வழியில் மடக்கப்பட்டவன். கையில் மூட்டை, ஷேவ் செய்த முகம், எதிரே வெள்ளம். படத்தைப் பார்த்தால் ஏதோ ஞானம் வந்த பிறகு இயற்கை அவனை எடுத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது. கடைசியில் வானத்தைப் பார்க்கிறான், வெளிச்சம் விழுகிறது, பெற்றோரைத் தழுவுவதாகக் கற்பனை. பாடகர் எடி வெடரின் குரல் வேறு. அழாமல் இருக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.



சாம்பல்நாரை:

ஊசிவெடி, அந்தக் 'கடைசி ஞானம்' பற்றி இன்னொன்று. பகிர்ந்துகொண்டால்தான் மகிழ்ச்சி நிஜம் என்று புத்தக ஓரத்தில் எழுதுவானே, எல்லோரும் பச்சை குத்திக்கொள்ளும் வரி, அது எங்கே எழுதப்பட்டது தெரியுமா? 'டாக்டர் ஷிவாகோ' நாவலின் ஓரத்தில். அந்தப் பக்கத்திலேயே நாவலாசிரியர் பாஸ்தர்நாக் கிட்டத்தட்ட அதையே எழுதியிருக்கிறார், பகிராத மகிழ்ச்சி மகிழ்ச்சி இல்லை என்று. இவன் அதைப் பெரிய எழுத்தில் தன் வார்த்தையில் எழுதிக்கொண்டான். படிக்கிறபோது பிடித்த வரியை நாமும்தான் ஓரத்தில் எழுதுவோம். அது வாக்குமூலமா, குறிப்பா? படம் வாக்குமூலம் என்று முடிவு செய்துவிட்டது. பென் மேல் குறை சொல்லவில்லை, படத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே.



நாகேசுவரன்தெரு:

புதிதாக வந்திருக்கிறேன், வணக்கம். கும்பகோணத்துக்காரன் என்பதால் பக்கத்து ஊர் கதை ஒன்று. திருவிடைமருதூர் கோயிலில் பட்டினத்தார் ஒரு வாசலில், சீடர் பத்திரகிரியார் இன்னொரு வாசலில். யாரோ பசி என்று வந்து கேட்கிறார்கள். 'நான் கட்டிய கோவணத்தோடு இருக்கிறேன், அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ' என்கிறார் பட்டினத்தார். சம்சாரி என்றது பத்திரகிரியாரை. ஏன் என்றால் அவரிடம் ஒரு திருவோடும், கூடவே ஒரு நாயும் இருந்தன. அரச போகத்தை விட்டு வந்தவரே ஒரு ஓட்டால் சம்சாரி ஆகிவிட்டார்.

இந்தக் கணக்கில் துப்பாக்கி, அரிசி, ஒன்பது பத்துப் புத்தகம், கேமரா, நாட்குறிப்பு எல்லாம் வைத்திருந்த அலெக்சாண்டர் பெரிய குடும்பஸ்தன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, நம் துறவிகள் காட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதாகக் கதைகள் அதிகம் சொல்வதில்லை. கோயில் வாசல், ஊர்ப் பிச்சை, வீட்டுத் திண்ணை. ஊரை விட்டதாகச் சொன்னவர்களை ஊர்தான் காப்பாற்றியது, அவர்களும் அதில் வெட்கப்படவில்லை. இவனுக்கு மட்டும் யார் தயவும் இல்லாமல் பிழைக்க வேண்டும் என்ற வைராக்கியம் எங்கிருந்து வந்தது?



மேற்குச்சாளரம்:

நாகேசுவரன்தெரு, நல்லா சொன்னீர்கள். அந்த வைராக்கியம் அமெரிக்கச் சரக்கு. தோரோ, ஜாக் லண்டன் மாதிரி அமெரிக்க எழுத்தாளர்களை விழுந்து விழுந்து படித்தவன் அவன். அலாஸ்காவைப் பற்றி எழுதிய லண்டன் அந்தப் பக்கம் குளிர்காலம் கழித்தது ஒரே ஒரு தடவை என்பது வேடிக்கை.

தனியாக வாழ்ந்து காட்டிய ஆளும் அலாஸ்காவிலேயே உண்டு. ரிச்சர்ட் புரோன்னிக்கி. 1968இல், ஐம்பது தாண்டிய வயதில், ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் தன் கையாலேயே மரம் வெட்டி வீடு கட்டினார். தச்சு தெரியும், டீசல் மெக்கானிக். கைப்பிடி இல்லாத கருவிகளைக் கொண்டுபோய், கைப்பிடியை அங்கேயே செதுக்கிக்கொண்டார். முப்பது வருடம் போல அங்கே இருந்தார், 1999இல் 82 வயதில்தான் வெளியே வந்தார். 16 மில்லிமீட்டர் கேமராவில் தானே எடுத்த காட்சிகள் பிறகு ஆவணப்படமாக வந்தன. வீடு இன்றும் இருக்கிறது, லேக் கிளார்க் தேசியப் பூங்காக்காரர்கள் பராமரிக்கிறார்கள்.

அவருக்கும் ஒரு நண்பர் சின்ன விமானத்தில் கடிதமும் சாமானும் கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை அவர் மறைக்கவே இல்லை. அந்த விமானத்தின் சத்தம் கேட்டால் சந்தோஷப்படுவார். இவரைப் பற்றி யாரும் பெரிய பட்ஜெட்டில் படம் எடுக்கவில்லை, ஏன் என்றால் சாகவில்லை.



நாட்டுச்சர்க்கரை:

இதை வாசலில் எழுதி ஒட்டலாம். உழைத்து, திட்டம் போட்டு, முப்பது வருடம் இருந்தவர் ஆவணப்படம். நாலு மாதத்தில் செத்தவன் ஹீரோ.



சிற்றோடை:

நான் கல்லூரியில் படிக்கிறேன், இந்தப் படம் எனக்கு உயிர். எல்லோரும் அவனை முட்டாள் என்று சொல்வது கஷ்டமாக இருக்கிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லையே, யாருக்கும் உபதேசம் செய்யவில்லையே. அந்தப் பேருந்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. போக முடியுமா வடமுனை அண்ணா?



வடமுனை:

தங்கச்சி, காட்டில் இப்போது பேருந்து இல்லை. 2020 ஜூன் 18 அன்று ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. காரணம் இந்தப் படம்தான் என்று சொல்லலாம். படம் வந்த பிறகு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். 2010இல் ஒரு பெண், 2019இல் இன்னொரு பெண், இருவரும் இளம் வயது, அதே டெக்லனிகாவில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். 2009 முதல் 2017 வரை மட்டும் 15 மீட்புப் பணிகள். எல்லாம் இங்குள்ளவர்கள் தலையில்தான். 2020 பிப்ரவரியில்கூட ஐந்து இத்தாலியர்களைப் பனியிலிருந்து மீட்டார்கள்.

அந்தப் பேருந்தின் கதையும் கேட்டுக்கொள். எண் 142, ஒரு காலத்தில் ஃபேர்பேங்க்ஸ் நகரப் பேருந்து. 1961 வாக்கில் அந்தப் பக்கம் சாலை போட்ட தொழிலாளர்கள் தங்குவதற்காக அடுப்பும் கட்டிலும் வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். வேலை நின்றதும் அங்கேயே விட்டுவிட்டார்கள். அப்புறம் வேட்டைக்காரர்களுக்குக் கூடாரம். ஆக, அவன் போய்ச் சேர்ந்த 'மனிதன் தொடாத காடு' ஒரு பழைய சாலை, அதில் ஒரு பழைய டவுன் பஸ்.

இப்போது அது அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தார் பொறுப்பில், ஃபேர்பேங்க்ஸிலேயே இருக்கிறது. தூக்குவதற்காகக் கூரையிலும் தரையிலும் வெட்டிய ஓட்டைகள் தெரியும், தகரம் எல்லாம் துப்பாக்கிக் குண்டு துளை. படத்தில் பார்த்தது இது இல்லை. குடும்பத்துக்கும் அந்த இடத்துக்கும் மரியாதையாக, தெற்கே கேன்ட்வெல் பக்கம் நகல் ஒன்று செய்து எடுத்தார்கள். அந்த நகல் ஹீலி என்ற ஊரில் ஒரு மதுக்கடை முற்றத்தில் நிற்கிறது. அதற்குள் தாராளமாக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம், ஆற்றைக் கடக்க வேண்டாம்.



ஊசிவெடி:

சிற்றோடை, நான் அவனை முட்டாள் என்று சொல்லவில்லை. எனக்கும் படம் பிடிக்கும். யாரையும் கூப்பிடவில்லை என்றீர்களே, கூப்பிட்டிருக்கிறான். பேருந்துக் கதவில் உதவி கேட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தான். காயம் பட்டிருக்கிறேன், சாகக் கிடக்கிறேன், பழம் பறிக்கப் பக்கத்தில் போயிருக்கிறேன், கடவுளின் பெயரால் எனக்காகக் காத்திருங்கள் என்ற பொருளில். கீழே சொந்தப் பெயர், கிறிஸ் மெக்கேன்ட்லெஸ். சூப்பர்டிராம்ப் இல்லை. செப்டம்பர் 6 அன்று வேட்டைக்காரர்கள் வந்தபோதுதான் யாரோ அதைப் படித்தார்கள்.



சிற்றோடை:

அந்தப் பெயர் விஷயம் எனக்குத் தெரியும். படத்திலும் வருகிறது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும். திரும்பி வர நினைத்தான் என்பதால் போனது தப்பாகிவிடுமா?



ஆட்டுக்கல்:

இந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. போனது தப்பில்லை. சொல்லாமல் போனதுதான்.



சாம்பல்நாரை:

ஆட்டுக்கல் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ரான் பற்றி. அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை, கிராக்கவர் மாற்றி வைத்தது. காரில் விட்டுவிட்டுப் போகும் காட்சியோடு படம் அவரை முடித்துவிடுகிறது. புத்தகத்தில் அதற்கு அப்புறம்தான் கதை. பையன் பெரியவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதுகிறான், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள், கிளம்புங்கள், சாலையில் வாழுங்கள் என்று. எண்பது வயது மனிதர் நிஜமாகவே வீட்டுச் சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டு, ஒரு வேன் வாங்கி, அதில் கட்டில் போட்டு, பாலைவனத்தில் பையன் முகாமிட்டிருந்த அதே இடத்தில் போய்த் தங்கிவிட்டார். அவன் திரும்பி வருவான் என்று காத்திருந்தார். வழியில் ஏற்றிக்கொண்ட யாரோ இரண்டு பேர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் செய்தி தெரிந்தது.

பல வருடங்களுக்கு முன்பே மனைவியையும் மகனையும் கார் விபத்தில் இழந்து, குடியில் விழுந்து, பிறகு விட்டவர் அவர். செய்தி சொன்ன அந்த இருவரையும் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய் ஒரு விஸ்கிப் புட்டி வாங்கி, பாலைவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் முழுவதையும் குடித்தார். கடவுள் நம்பிக்கையையும் அன்றோடு விட்டுவிட்டார். பையன் போன பிறகு நடந்த இது எதுவும் படத்தில் இல்லை.



நாட்டுச்சர்க்கரை:

இதை வைத்திருந்தால் நானே அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன். இப்போதைக்கு மூன்று. அதில் ரெண்டு அந்தப் பெரியவருக்கு.